நடை பார்க்க வந்தவர்கள்

கடலைப் பார்க்கப் போகலாம் என்று அன்புச்செல்வி அத்தை சொன்னபோதே ரஞ்சிதாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊர்க் குளம் நிறைந்து வழிந்தால்கூடக் கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவள் அத்தை. அவள் வாயிலிருந்து அலையாத்திக் காடு, பலகைப் பாலம், வெளிநாட்டுப் பறவைகள் என்றெல்லாம் வந்தது புதுசுதான். ஆனால் ரஞ்சிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. கறம்பக்குடிக் கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற சர்க்கரைக்காரர்களின் கையில் நரம்பு தேடுவதில் தொடங்கி, சாயங்காலம் ரிசல்ட் கொடுக்கிற வரைக்கும் நின்றுகொண்டே செய்கிற வேலை. அப்படிப்பட்டவளிடம் வந்து, வா, எங்காவது போய்விட்டு வரலாம் என்று ஒருத்தர் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கத் தோன்றாது.

கார் பேசியது அப்பா ஆத்மநாதன். அறுப்பு முடிந்து, வைக்கோலையும் கட்டிப் போட்டாயிற்று. இந்த நேரத்தில் போகாவிட்டால் பிறகு எப்போது போவது என்று அவரும் தன் பங்குக்குச் சொன்னார். வழக்கமாக இந்த மாதிரிச் செலவென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் அவர். அதையும் ரஞ்சிதா கவனிக்கவில்லை.

புறப்படுகிற அன்று அவள் சுடிதாரை எடுத்து வைத்திருந்தாள். அம்மா செல்வராணி அதை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பார்க்குக்குப் போவதற்குச் சேலை எதற்கு என்று கேட்டதற்கு, போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள். அதோடு விடவில்லை. கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிற அந்தச் செருப்பையும் பரண்மேலிருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்து வாசற்படியில் வைத்தாள்.

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ரஞ்சிதா சிறுபிள்ளையாக இருந்தபோது டிராக்டர் டிப்பரிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து முட்டைக் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் ஒரு விரற்கடை குறைவாகக் கூடியது. நின்றால் தெரியாது. நடக்கும்போது உற்றுப் பார்த்தால் தெரியும். ஓடினால் ஊருக்கே தெரியும். புதுக்கோட்டையில் ஒரு கடையில் இடதுகால் செருப்புக்கு மட்டும் அடியில் கூடுதலாக ஒரு தடிமன் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். போட்டால் நடை நேராகிவிடும். ஆனால் கடிக்கும். அதனால் வேலைக்குப் போகும்போது அவள் அதைத் தொடுவதே இல்லை. தன் கால் ஒரு பக்கம் தாழ்கிறது என்பது அவளுக்கு நினைவில் இருப்பதுகூட அபூர்வம். அது அவளுடைய நடை, அவ்வளவுதான்.

பேராவூரணி வழியாகக் கட்டுமாவடி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கினார்கள். வழி நெடுக அத்தைக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஆமா, தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று அவள் சன்னக் குரலில் சொன்னாள். யார் அத்தை என்றதற்கு மாமாதான் என்றாள். மாமா வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் எந்த ஊரைத் தாண்டினார்கள் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறார் என்று ரஞ்சிதா சிரித்தாள். அத்தை வாழைமட்டையில் சுற்றி வைத்திருந்த மல்லிகையை எடுத்து, தன் தலைக்குக் கொஞ்சம்கூடக் கிள்ளிக்கொள்ளாமல் முழுவதையும் ரஞ்சிதாவின் தலையில் வைத்தாள்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. வாசலில் டிக்கெட் கவுண்டரும், பக்கத்தில் கூரை போட்ட ஒரு கொட்டகையும், கொஞ்சம் தள்ளி ஒரு கேன்டீனும். கொட்டகையிலிருந்து மரப்பலகையால் ஆன பாலம் ஒன்று கைப்பிடி வைத்து, சேற்றுக்கு மேலே நேராக அலையாத்திக் காட்டுக்குள் போகிறது. நடுவில் இளைப்பாற ஒரு சின்ன மண்டபம். பாலம் முடிகிற இடத்தில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். அதற்கு அப்பால் கடல்.

கொட்டகையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. குடும்பம் என்றால் இரண்டே பேர், ஒரு அம்மாவும் மகனும். அத்தை நேராக அவர்களிடம் போய் எந்த ஊர் என்று விசாரித்தாள். அரிமளம் என்றார்கள். அப்படியா என்று அத்தை கண்ணை அகல விரித்தாள். அரிமளம் என்ற பேருக்கு அவ்வளவு ஆச்சரியம் எதற்கு என்று ரஞ்சிதாவுக்கு விளங்கவில்லை. அந்த அம்மாவின் பெயர் அழகம்மாள். மகன் திருமுருகன், கத்தாரில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருக்கிறான். வந்த இடத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று அழகம்மாள் சொல்ல, சேர்ந்தே போவோம் என்று அத்தை சொல்ல, எல்லாரும் பாலத்தில் ஏறினார்கள்.

ரஞ்சிதா சந்தோஷமாக இருந்தாள். உண்மையில் அன்றைக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது அவள் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. சேற்றுக்குள்ளிருந்து ஆணி அடித்தாற்போல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களை அவள் குனிந்து பார்த்தாள். மீனா தவளையா என்று தெரியாத ஒன்று சேற்றின்மேல் துள்ளித் துள்ளிப் போய் வளைக்குள் விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா, பார்த்து நட, சேலை தடுக்கப் போகிறது என்றாள். அழகம்மாள் ஒவ்வொரு தடவையும் இரண்டு அடி பின்தங்கியே வந்தாள். வயசானவர்கள், மெதுவாகத்தான் வருவார்கள் என்று ரஞ்சிதாவும் நின்று நின்று போனாள்.

மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அத்தை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். அழகம்மாள் மடியைத் தடவினாள், பையைத் துழாவினாள், பிறகு ரஞ்சிதாவைப் பார்த்தாள்.

“ஏத்தா, எங் கண்ணாடிய அந்தக் கொட்டாயி பெஞ்சிலேயே வச்சுட்டு வந்துட்டேன் போலருக்கு. ஒரு எட்டுப் போயி எடுத்துட்டு வந்துர்றியா?”

இதிலென்ன இருக்கிறது என்று ரஞ்சிதா எழுந்துவிட்டாள். நாள் முழுக்க யாராவது ஏதாவது எடுத்துவரச் சொல்லி எழுந்து போய்ப் பழகிய உடம்பு அது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தோன்றியது, அந்த அம்மாவின் சொந்த மகன் பக்கத்தில் சும்மாதானே உட்கார்ந்திருந்தான் என்று. இன்னும் கொஞ்சம் போன பிறகு இன்னொன்று தோன்றியது. பின்னால் சத்தமே இல்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட இல்லை. அத்தை இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதி வருவதற்கு நியாயமே கிடையாது.

திரும்பிப் பார்த்தாள்.

அழகம்மாள் மண்டபத்தின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றவள் கண்ணைச் சுருக்காமல் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பார்வையும் ரஞ்சிதாவின் முகத்தில் இல்லை. எல்லாம் கீழே, சேலைக் கரைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்தது. அப்பா மட்டும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சித்தன்னவாசல் ஞாபகம் வந்தது.

போன வருஷம் அங்கேயும் அத்தைதான் கூட்டிப் போனாள். குகை ஓவியம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்திருந்தது. பாறைமேல் கீரனூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் ஓர் அம்மா, தண்ணீர் பாட்டிலைக் கீழே காரிலேயே விட்டுவிட்டேன், எடுத்து வருகிறாயா கண்ணு என்றாள். ரஞ்சிதா படியிறங்கிப் போய் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அந்த அம்மா பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதன் மூடியைத் திறக்கவே இல்லை. என்ன மனுஷி, வெயிலில் ஒருத்தியை ஏற்றி இறக்கிவிட்டு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே என்று ரஞ்சிதா அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அது ஏன் என்று இப்போது விளங்கியது.

வீட்டுக்கு வந்து கேசரியும் காபியும் சாப்பிட்டுவிட்டு ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிப் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். நாலு பேர் வந்து போனார்கள், ஒன்றும் அமையவில்லை என்று பேச்சு வரும். அதற்காக இப்போதெல்லாம் பொது இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு வழி. கோயில், கடை, பார்க். பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பெண்ணுக்கே தெரியாது. ரஞ்சிதாவுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அடுத்த வீட்டுப் பெண்களுக்கு நடந்ததைக் கேட்டிருக்கிறாள். தனக்கு நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை. அதிலும் முகத்தைப் பார்க்க அல்ல, நடையைப் பார்க்க. அதற்காகத்தான் படிக்கட்டு. அதற்காகத்தான் இந்த நேரான பாலம்.

அவள் நின்றுவிடவில்லை. கொட்டகை வரைக்கும் போனாள். பெஞ்சின் நடுவில் கண்ணாடி அதன் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. மறந்து விட்டுப் போன பொருள் அப்படி இருக்காது. டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொல்லி, பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவரும் கவுண்டருக்குள்ளிருந்து, எடுத்துக்கங்கம்மா, அந்தம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க என்றார்.

ரஞ்சிதா கண்ணாடியைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், முழுசாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். வெறுங்காலோடு பாலத்தின் நடுவில் ஏறினாள். வேகமாகப் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. காலையில் பஸ் பிடிக்கப் போகிற அதே நடை. இடதுகால் பலகையில் படுகிறபோதெல்லாம் தோள் கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது. எதிரே வந்த யாரோ ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. மண்டபத்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். செருப்பு, செருப்பு என்று அவள் உதடு அசைந்தது.

வெறுங்கையோடு வந்து நின்றவளைப் பார்த்து, கண்ணாடி அங்கே இல்லையா என்று அழகம்மாள் கேட்டாள்.

“இருக்குதுங்கம்மா. அங்கிட்டேதான் இருக்கு.” ரஞ்சிதா செருப்பைக் கீழே போட்டுவிட்டு அழகம்மாளின் எதிரில் உட்கார்ந்தாள். திருமுருகனைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க போயி எடுத்துட்டு வாங்க. நான் இங்கருந்து பாக்குறேன்.”

அத்தைதான் முதலில் சுதாரித்தாள். பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறது என்று சிரித்து, முறுக்குப் பொட்டலத்தை எல்லார் பக்கமும் நீட்டினாள். யாரும் எடுக்கவில்லை.

“வெளையாட்டு இல்லத்தை. அவங்க பாத்து முடிச்சுட்டாங்க. நாம பாக்க வேணாமா?”

“ஆம்பளப் புள்ளைய நடக்கவிட்டுப் பாக்குறது எந்த ஊருப் பழக்கம்?” என்றாள் அழகம்மாள். அவள் குரலில் இதுவரை இருந்த ஏத்தா, குழைவு எல்லாம் போய்விட்டது.

“எந்த ஊருலயும் இல்லீங்க. இந்தப் பார்க்குல இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம்.”

அப்பா அவள் பெயரைச் சொல்லி ஓர் அதட்டுப் போட்டார். அவள் திரும்பவில்லை. திருமுருகன் தன் அம்மாவைப் பார்த்தான், ரஞ்சிதாவைப் பார்த்தான், பிறகு எழுந்துவிட்டான். அழகம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடுங்கம்மா, கண்ணாடிதானே என்று சொல்லிவிட்டு நடந்தான்.

தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருக்கும். நல்ல உயரம், நல்ல உடம்பு, இரண்டு காலும் ஒரே அளவு. ஆனாலும் கை எங்கே இருக்க வேண்டும் என்பது மறந்து போயிற்று. போனைப் பையில் வைத்தான், திரும்ப எடுத்தான். பாதி தூரத்தில் காரணமே இல்லாமல் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். ரஞ்சிதா நிதானமாகப் பார்த்தாள். பக்கத்தில் அத்தை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பாருங்கத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எப்புடி என்று அவள் காதருகில் சொன்னாள்.

அவன் திரும்பி வந்து கண்ணாடியை அம்மாவிடம் கொடுத்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உட்காரவில்லை.

“என்னய எதுக்கு அனுப்புனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று ரஞ்சிதா கேட்டாள்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “தெரியும்” என்றான். கால் விஷயம் முன்பே சொன்னார்கள், தனக்கு அதில் ஒன்றும் இல்லை, அம்மாதான் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவோம் என்றார்கள் என்று விளக்கினான். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒங்ககிட்டச் சொன்னா வரமாட்டீங்கன்னு ஒங்க வீட்டுலதாங்க சொன்னாங்க” என்றான்.

ரஞ்சிதா தலையை ஆட்டிக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் இருக்கிறவருக்குக்கூடப் பாதி தெரிந்திருக்கிறது.

“சரிங்க. ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டுத் தகவல் சொல்றோம்” என்றாள்.

இது மாப்பிள்ளை வீட்டார் சொல்லுகிற சொல். பெண் பார்த்துவிட்டு, காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லுகிற சொல். பெண் வீட்டில் யாரும் அதைத் திருப்பிச் சொல்லி அழகம்மாள் கேட்டதில்லை. அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். வாடா என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு கேன்டீன் பக்கமாக நடந்தாள். அந்த நடையில் பின்தங்கல் எதுவும் இல்லை. சமாதானம் பேச அத்தையும் பின்னாலேயே ஓடினாள்.

மண்டபத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்த மானமும் இன்றைக்குப் போயிற்று, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அரிமளம் பக்கம் போவது என்று சேற்றைப் பார்த்தே பேசினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரஞ்சிதாவுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

“சித்தன்னவாசல்ல என்னயப் படியேத்தி எறக்குனப்ப போனது யாரு மானம்ப்பா?”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தவள், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

“சித்தன்னவாசல் மட்டும் இல்லடி. ஆவுடையார்கோயில்ல ஒண்ணு.”

ரஞ்சிதாவுக்கு முதலில் புரியவில்லை. ஆவுடையார்கோயிலுக்கு மார்கழியில் போனார்கள். பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், வேண்டுதல் என்று அம்மா சொன்னாள். இவளும் கூடவே சுற்றினாள். தூண் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று முகம்கூட ஞாபகம் இல்லை. சாமி கும்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சுற்றியது மட்டும் ஞாபகம் இருந்தது.

அவளுக்கு அழுகை வரும் என்று அம்மா பயந்தாள் போலிருக்கிறது. கையைப் பிடிக்க வந்தாள். ரஞ்சிதா அழவில்லை. அழுகைக்கு முந்தியே கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. தன்னை வேண்டாம் என்று சொன்னவர்கள்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. அவர்களுக்கு அவள் யாரோ. தன்னிடம் சொல்லாமல் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் இவர்கள். வேண்டாம் என்று வந்த தகவலையும் அவளிடம் சொல்லாமல் இவர்களே வைத்துக்கொண்டார்கள். மூன்று நேரமும் சோறு போட்டுக்கொண்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டு, அதை மட்டும் சொல்லவில்லை.

“ஒனக்கு மனசு நோகும்னுதான் சொல்லல” என்றாள் அம்மா.

“எம் மனசு நோகாமத்தான் நடக்கவிட்டுப் பாத்தீங்களா?”

சொல்லிவிட்டு அவள் கோபுரத்தைப் பார்த்து நடந்தாள். வந்தது பார்க்கைப் பார்க்க. டிக்கெட் எடுத்தாயிற்று. கோபுரத்தில் ஏறாமல் திரும்புவதாக இல்லை. இரும்புப் படி, வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு படியிலும் வலதுகாலை வைத்து இடதுகாலை இழுத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் அம்மா வருகிற சத்தம் கேட்டது. கடைசி வளைவில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ரஞ்சிதா நின்றாள், ஆனால் கையை நீட்டவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. இருவரும் மேலே வந்து காற்றில் நின்றார்கள். கீழே காடு ஒரே பச்சையாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல், அலை இல்லாமல், பெரிய குளம் மாதிரி வெயிலில் விரிந்திருந்தது. தண்ணீர் விளிம்பில் நீளக்கால் பறவைகள் கூட்டமாக நின்றன.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். கோபுரம், உயரம், தண்ணீர் எல்லாம் பயம் என்கிறவள் படியேறி வந்தாள் என்றால் சேதி பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் அப்பாவும் ஏறி வந்தார். அத்தை கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்குக் கோபம்தான். ஆனால் பையன் பிடிச்சிருக்கு என்கிறான். ரஞ்சிதா நடக்கச் சொன்னதே அவனுக்குப் பிடித்துப் போயிற்றாம். கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் பங்குனியில் பூ வைத்துவிடலாம்.

“மூணாவது எடத்துல கதவு தெறந்துருக்குடி. நீ பேசுன பேச்சுக்கு வேற எவனா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருப்பான்.”

அவன் கெட்டவன் இல்லை என்று ரஞ்சிதாவுக்கும் தெரிந்தது. நடக்கச் சொன்னதும் நடந்தான். கேட்டதற்கு உண்மை சொன்னான். இருபத்தெட்டு வயசில், பரிசோதனை நிலையத்துக்கு வருகிற பாட்டிமார் எல்லாம் ஊசி குத்தும்போதுகூட, ஒனக்கு எப்பம்மா என்று கேட்கிற ஊரில் இருந்துகொண்டு, இப்படி ஒருவனை யோசிக்காமல் தள்ளிவிட முடியாது. அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. அதில் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் ஒருவன்.

“நல்லவரா இருக்கலாம்த்தை. இல்லைங்கல. ஆனா நான் போறத ஒக்காந்து பாத்தாரு. எந்திரிச்சு நான் போறேம்மான்னு சொல்லத் தோணல. எனக்குப் பிடிக்கல.”

அத்தை தலையில் கை வைத்தாள். இதைப் போய்த் தான் எப்படிச் சொல்லுவது, அந்த அம்மா தன்னை அங்கேயே உரித்துவிடுவாள் என்றாள்.

“நீங்க சொல்ல வேணாம். அப்பா சொல்லட்டும்.”

ஆத்மநாதன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி மகளைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவன் போய்ப் பிடிக்கவில்லை என்று சொல்கிற வழக்கம் தன் வம்சத்திலேயே இல்லை என்றார். அடுத்து யாராவது வருவார்களா என்றார். வேண்டுமானால் ஜாதகம் பொருந்தவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டார்.

“ஜாதகம் வேணாம்ப்பா. ரெண்டு தடவ அவங்க சொன்னத நீங்க வாங்கிக்கிட்டு வந்தீங்கள்ல. இந்த ஒரு தடவ நீங்க சொல்லிட்டு வாங்க. நான் சொன்னத மட்டும் சொல்லுங்க.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார், உதறினார், திரும்பவும் தோளில் போட்டார். அம்மாவைப் பார்த்தார். எப்போதும் அவர் பேச்சுக்குப் பின்பாட்டுப் பாடுகிற செல்வராணி, அன்றைக்கு வாயைத் திறக்காமல் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கினார்.

மேலேயிருந்து பாலம் முழுவதும் தெரிந்தது. அப்பா அதில் தனியாகப் போனார். வயல் வரப்பில் நடந்து பழகிய ஆள், பலகையில் காலை அகட்டி அகட்டி வைத்தார். மண்டபம் வந்ததும் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்று அத்தை முணுமுணுத்தாள். ரஞ்சிதாவும் அப்படித்தான் நினைத்தாள். அவர் ஒரு தடவை கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கமாகவே நடந்தார்.

கேன்டீன் வாசலில் இரண்டு பேர் எழுந்து நிற்பது தெரிந்தது. அப்பா கும்பிட்டார். பேச்சு நீளவில்லை. அழகம்மாளின் கை இரண்டு மூன்று தரம் காற்றில் வீசிப் போயிற்று. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவர்கள் வாசல் பக்கம் போனார்கள், அப்பா பாலத்தில் திரும்பினார். வரும்போது எங்கேயும் நிற்கவில்லை.

மேலே ஏறி வந்து கம்பியில் சாய்ந்தார். அவரே சொன்னார்.

“எம் மகளுக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன். காரணம் என்னன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?” என்று ரஞ்சிதா கேட்டாள்.

“பையன் நடையில ஒரு கொறையும் இல்லீங்க, அதை நான் சத்தியமாச் சொல்லுவேன்னு சொன்னேன்.”

அத்தை அய்யோ அண்ணே என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய ரஞ்சிதாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.